பரிசோதனைக்கு வந்தவர்களும் சிகிச்சை வரை சென்றவர்களும்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் சிறிய மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளாக அங்குள்ள புற்றுநோய்க் குழுவின் ஒருங்கிணைப்புப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. எங்களிடம் கதிர்வீச்சுக் கருவி கிடையாது. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவரும் கிடையாது. மகப்பேறு மருத்துவர், அறுவை மருத்துவர், பல் மருத்துவர், வாரம் ஒருமுறை வந்து திசுக்களைச் சோதித்துப் போகும் நோய்க்குறியியல் மருத்துவர் ஆகியோரையும் செவிலியர்களையும் கொண்டே, ஆண்டுதோறும் தடுப்புக்காக ஒரு வேலை, நோயை முன்கூட்டிக் கண்டறிய ஒரு வேலை, எங்கள் சேவையிலுள்ள குறை ஒன்றை ஆராய்ந்து திருத்த ஒரு வேலை என்று எடுத்துக்கொள்கிறோம். தை மாதக் கூட்டத்தில் இவை முடிவாகும். மார்கழிக்குள் அறிக்கை எழுதியாக வேண்டும்.

புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கு நாளைக் குறிப்பதுதான் முதல் சிக்கல். அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதற்காக அப்போது முகாம் வைத்தால், எங்கள் ஆற்றுப்பாசனப் பகுதியில் அது பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவி நடவுக்கு ஆயத்தமாகும் காலம். வயலை விட்டு யாரும் வர மாட்டார்கள். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். சித்திரையிலும் ஆடியிலும் ஊருக்கு ஊர் கோயில் கொடை விழா. ஆகவே உலகப் புற்றுநோய் நாளான பிப்ரவரி 4 அன்று பள்ளிகளில் பேசுவதோடு நிறுத்திக்கொண்டு, பெரிய முகாமை அறுப்பு முடியும் தருணத்துக்குத் தள்ளிவைக்கிறோம்.

முக்கூடல், பாப்பாக்குடி, கடையம், ஆலங்குளம் வட்டாரங்களில் பீடி சுற்றும் பெண்களுக்கு இந்த நாள்கணக்கும் பொருந்தாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவர்கள், ஒரு பகல் மருத்துவமனையில் உட்கார்ந்தால் அன்றைய வருமானத்தை இழக்கிறார்கள். அதனால் சுற்றிய கட்டுகளைக் கடையில் ஒப்படைக்க அவர்கள் வரும் நேரத்தை விசாரித்து, அங்கேயே பேசிப் பெயர் பதிந்து, யார் எப்போது வர முடியும் என்று அவர்களையே சொல்லச் சொன்னோம். வயதான பெண்களிடம் வரும் மறுப்பு வேறு வகை. “எனக்கு மாசத் தொந்தரவு நின்னே வருசமாச்சு, இனிமே என்னத்தைப் பாக்கப் போறிய சிஸ்டர்” என்று ஓர் ஆச்சி கேட்டார். மாதவிடாய் நின்ற பிறகு வரும் உதிரப்போக்கைத்தான் எதற்கும் மேலாகக் கவனிக்க வேண்டும் என்பதை அவருக்கு விளக்கியதில் அன்றைய காலை கழிந்தது. அவர் வந்தார், தம் மருமகளையும் அழைத்து வந்தார்.

கருப்பை வாய்க்கு நாங்கள் செய்வது வி.ஐ.ஏ. என்னும் எளிய பரிசோதனை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெண்மையாக மாறும் இடம் உண்டா என்று கண்ணாலேயே பார்ப்பது. தேசிய வழிகாட்டுதலின்படி 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். கூடவே மார்பகத்தையும் வாயையும் பார்த்துவிடுகிறோம். வெண்மை தெரிந்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை. பலருக்கு அது சாதாரண அழற்சியாகவே முடியும். ஆனால் கருப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பியும், தேவைப்பட்டால் சிறிது திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் செய்யாமல் அதை உறுதிப்படுத்த முடியாது.

எங்கள் பழைய அறிக்கைகள் இந்த இடத்தோடு நின்றுவிட்டன. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு ஐயம் எழுந்தது என்ற இரண்டு எண்கள் இருந்தன. ஐயம் எழுந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கு இடமே ஒதுக்கப்படவில்லை. கூட்டம் நிறைந்த முகாமின் புகைப்படம் அறிக்கைக்கு அழகு சேர்க்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐயம் என்று சொல்லி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த அடியை அவள் பொறுப்பில் விடுவதைவிட, அவளை முகாமுக்கு அழைக்காமல் இருப்பதே மேல் என்று குழுவில் சொன்னேன். அந்தப் பேச்சு பலருக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் அந்த ஆண்டின் ஆய்வுப் பொருளாக அதையே ஏற்றுக்கொண்டார்கள்.

பழைய பதிவேடுகளை எடுத்து, ஐயம் எழுந்த ஒவ்வொருவரின் கதையையும் தேடினோம். ஆய்வகத்தில்தான் தாமதம் என்பது எல்லோருடைய எண்ணமாகவும் இருந்தது. உண்மையில் முடிவுகள் உரிய காலத்தில் வந்து, அலமாரியில் கிடந்தன. பதிவேட்டில் இருந்த கைப்பேசி எண், திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாகவோ கணவருடையதாகவோ இருந்தது. மகனிடம் சொல்லக் கூச்சப்பட்டு நாங்கள் “அம்மாவை ஒருமுறை வரச் சொல்லுங்கள்” என்று மட்டும் கூறியிருப்போம்; அவர் அதை மறந்திருப்பார். பயாப்ஸிக்கு ஒரு நாள், முடிவுக்கு ஒரு நாள், சீட்டு எழுத ஒரு நாள் என்று தனித்தனியாக வரவழைத்ததும் காரணம். ஒவ்வொரு வரவிலும் சிலர் உதிர்ந்துபோயிருந்தார்கள்.

இதற்கு எங்களுக்கு வழிகாட்டியது நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையான பெண்களிடம் இதே வி.ஐ.ஏ. முறை பயன்படுத்தப்பட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏற்படுவது 25 சதவீதமும், அதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. அங்கே ஐயம் எழுந்த பெண்ணுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே அதே வருகையில் கால்போஸ்கோப்பி செய்து, தகுந்தவர்களுக்கு, மாறிய திசுவை உறையவைத்து அழிக்கும் உறைகுளிர் சிகிச்சையும் அளித்திருந்தார்கள். பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவே வீட்டுக்குப் போகும் இடைவெளியையே அவர்கள் எடுத்துவிட்டார்கள். எங்கள் முகாமும் அதன் பிறகு பள்ளிக்கூடக் கட்டடத்திலிருந்து மருத்துவமனைக்கு மாறியது. ஊர்களுக்கு வண்டி அனுப்புகிறோம். ஐயம் எழுந்தால் மகப்பேறு மருத்துவர் அன்றே கால்போஸ்கோப்பி பார்க்கிறார். ஒரே நாளில் பார்க்கக்கூடியவர்கள் குறைவு என்பதால் மொத்த எண்ணிக்கை சரிந்தது. அதை அறிக்கையில் மறைக்காமல் எழுதினோம்.

பதிவேட்டிலும் சில மாற்றங்கள். பெண்ணின் சொந்த எண், அவர் நம்பும் ஒரு மைனி அல்லது பக்கத்து வீட்டு அக்காவின் எண், பீடி கொடுக்கும் கடை ஆகிய மூன்றையும் அவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்கிறோம். கடைக்காரரிடம் நோயைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆளைக் கண்டுபிடிக்க மட்டுமே அது. மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த திசுவை 1 மணி நேரத்துக்குள், அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இட்டு, இட்ட நேரத்தைச் சீட்டில் குறிக்கிறோம். ஹார்மோன் சார்ந்த சிகிச்சை பயன்படுமா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனை சரியாக அமைய 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் திசு அதில் ஊற வேண்டும். சனிக்கிழமை மாலையில் எடுத்த திசு திங்கள்கிழமை வரை எங்கே எப்படி இருந்தது என்று முன்பு யாரும் கேட்டதில்லை.

புற்றுநோய் உறுதியானவர்களைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். முதல் நாள் எங்களில் ஒருவர் கூடப் போவது என்று விதி செய்துகொண்டோம். எந்தக் கட்டடம், எந்த வரிசை, எந்தச் சீட்டு என்று தெரியாமல் மதியம் வரை நின்று திரும்பி வந்தவர்கள் இரண்டாம் முறை போவது அரிது. போகும் முன்பே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களுக்குக் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் முன்கூட்டியே தயார் செய்யச் சொல்கிறோம். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரங்கள் போய்வர வேண்டும். வீட்டில் சமையலை யார் பார்ப்பது, பேருந்துச் செலவுக்கு என்ன வழி என்ற பேச்சை மருந்தைப் பற்றிய பேச்சுக்கு இணையாகவே நடத்த வேண்டியிருக்கிறது.

தடுப்பு வேலையாகச் சென்ற ஆண்டு எடுத்துக்கொண்டது, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி. 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளின் தாய்மாரிடம் பேசினோம். உள்நாட்டில் தயாரான செர்வாவாக் என்ற தடுப்பூசி 2023-இல் சந்தைக்கு வந்தபின் விலை பற்றிய தயக்கம் ஓரளவு குறைந்தது. “பின்னால பிள்ளை பெறுவதுக்குக் கெடுதல் வருமா” என்ற அச்சம் குறையவில்லை. அதற்குப் பதில் சொல்ல எங்கள் மகப்பேறு மருத்துவரே நேரில் வர வேண்டியிருந்தது.

இந்த ஆண்டுத் தீர்மானத்தில் இழுபறி ஆண்களைப் பற்றியது. புகையிலையை அதக்குவோரும், பாக்குத் தூளைப் பொட்டலம் பொட்டலமாக மெல்வோரும் நிறைந்த ஊர் இது. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. ஆனாலும் புகையிலை இல்லாத பாக்கைத் தீங்கற்றதாகவே எல்லோரும் எண்ணுகிறார்கள். வாய் முழுதாகத் திறக்காமல், மூன்று விரல்கூட நுழையவில்லை என்று சொல்லிக்கொண்டு வரும் இளைஞர்களைப் பல் மருத்துவர் அடிக்கடி பார்க்கிறார். ஆட்டோ நிறுத்தங்களுக்கும் நெல் அரைக்கும் ஆலைகளுக்கும் டார்ச்சு விளக்கோடு போக வேண்டும் என்பது அவர் கோரிக்கை. புற்றுநோயாக மாறக்கூடிய வெண்படலத்தை வாயில் கண்டால் அன்றே பயாப்ஸி எடுக்க ஆள் இருந்தால் மட்டுமே அதற்குச் சம்மதிப்பேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். முடிவில், மாதத்தில் இரண்டு மாலைகள் கூடுதலாக இருக்க அவரே ஒப்புக்கொண்டதால், முதலில் ஒரு ஆட்டோ நிறுத்தத்தில் மட்டும் தொடங்குவதாகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது.