இந்தியா 4, மலேசியா 3, சித்தப்பா 3

2023 ஆகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி நம்ம எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நடந்ததல்லவா, அதன் ஃபைனலுக்குச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போனேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. கையில் இரண்டு டிக்கெட் இருப்பதைப் பார்த்தவர் யாருக்கு என்றுகூடக் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

சித்தப்பா கிரிக்கெட் ஆள். ஹாக்கியில் அவருக்குத் தெரிந்தது தயான்சந்த், அப்புறம் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் ஜெயித்த டீமுக்கு கேப்டனாக இருந்த நம்ம பாஸ்கரன், அவ்வளவுதான். ஆனால் தெரியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

கேட்டிலேயே முதல் பிரச்சினை. வானம் கறுத்திருக்கிறது என்று குடை எடுத்து வந்திருந்தார், குடையை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். இங்கேயே ஓரமாக வைத்துவிட்டு வாங்க சார் என்றதற்கு, "புதுக்குடை தம்பி, நீங்க பார்த்துப்பீங்களா?" என்று ஆரம்பித்து, கடைசியில் வண்டியிலேயே வைத்துவிட்டு வருகிறேன், நீ போய் இடம் பிடி என்று திரும்பி நடந்தார். நம்பர் போட்ட சீட்டில் இடம் பிடிக்க என்ன இருக்கிறது? நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். 9-ஆவது நிமிடம் பெனால்டி கார்னரில், அதாவது கோல் பக்கத்தில் எதிர் டீம் தப்பு செய்தால் கிடைக்கிற அடியில், நம்ம ஜுக்ராஜ் சிங் கோல் போட்டார், ஸ்டேடியமே எழுந்து குதித்தது, கொஞ்ச நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்த சித்தப்பா "என்னடா, ஆரம்பிச்சிட்டானா?" என்றார்.

அவர் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்து முடிப்பதற்குள், 14-ஆவது நிமிடத்தில், மலேசியா சமன் செய்தது. 18-இல் இன்னொன்று. "நல்லா ஆடுறானுங்க" என்றார். எந்தப் பக்கம் நம்ம பக்கம் என்று அப்போதுதான் விளக்கினேன்.

எங்களுக்கு முன்வரிசையில் கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர். அந்த ஊரில் ஹாக்கி ஆடத் தெரியாதவர்கள்தான் கம்மி. இந்திய டீமில் இருந்த கார்த்தி செல்வத்தைப் பார்க்க வந்திருந்தார். பையன் அரியலூர்க்காரன், ஆனால் ஆட்டம் கற்றது கோவில்பட்டி விளையாட்டு ஹாஸ்டலில். முந்தின நாள் செமி ஃபைனலில் ஜப்பானை 5-0 என்று அடித்ததில் ஒரு கோல் அவனுடையது. அந்தப் பெருமையில் பெரியவர் மிகுந்த சந்தோஷமாக இருந்தார், சித்தப்பா அவரிடம் பேச்சுக் கொடுக்கும் வரை.

ஹாக்கியை நேரில் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நீலத் தரையில் பந்து போகிற வேகத்துக்குக் கண் போகாது. விசில் ஊதுவார்கள், எதற்கு என்று பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்போம், அவர் நம் முகத்தைப் பார்ப்பார். இந்த மாதிரி இடத்தில் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர்தான் நடுவர். எங்கள் வரிசைக்கு சித்தப்பா நடுவரானார். காலில் பந்து பட்டால் "ஆஃப் சைடு" என்றார். ஹாக்கியில் ஆஃப் சைடை எடுத்துப் பல வருஷம் ஆச்சு அண்ணாச்சி என்று கோவில்பட்டிக்காரர் திரும்பாமலே சொன்னார். "எடுத்தது தப்பு" என்றார் சித்தப்பா.

பெனால்டி கார்னர் வந்தது. தடுக்கிறவர்கள் அவசர அவசரமாக முகமூடியை மாட்டினார்கள். எதிர் டீம் இவர்களை அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது, அதற்குத்தான் என்று சித்தப்பா ஒரு விளக்கம் கொடுத்தார், பின்வரிசையில் ஒரு அம்மா தன் பையனிடம் அதை அப்படியே சொல்லிக்கொடுத்தார். கோவில்பட்டிக்காரரால் தாங்க முடியவில்லை. எழுந்து, முழுசாகத் திரும்பி நின்று, ஒரு கையை ஸ்டிக்காக வைத்து விளக்கினார்: கோல்கீப்பரோடு சேர்த்து அஞ்சு பேர்தான் தடுக்கலாம், மிச்ச பேர் நடுக்கோட்டுக்குப் போயிடணும், கோலுக்கு முன்னாடி 'D' மாதிரி இருக்கிற அரைவட்டத்துக்கு வெளியே பந்து போன பிறகுதான் உள்ளே கொண்டு வந்து அடிக்கணும், பந்தை ஸ்டிக்கால இழுத்து வீசுற டிராக் ஃபிளிக் வந்தா மூஞ்சி இருக்காது, அதுக்குத்தான் மாஸ்க். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மலேசியா மூன்றாவது கோல் போட்டுவிட்டது. 28-ஆவது நிமிடம். அவர் பார்க்கவில்லை. சித்தப்பா பார்த்தார்.

பாதி ஆட்டம், 1-3. ஸ்பிரிங்க்ளர் திறந்து தரைக்குத் தண்ணீர் அடித்தார்கள். ஈரமாக இருந்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், விழுந்தாலும் தோல் உரியாது. சித்தப்பா 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரிக்கு நம்பர் போட்டு நின்றவர். "அன்னைக்கு இதுல பாதி எங்க தெருவுக்கு விட்டிருந்தா..." என்று பொருமினார். கோவில்பட்டிக்காரர் பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, 2007-இல் இதே கிரவுண்டில் ஆசியக் கோப்பை ஃபைனலில் கொரியாவை 7-2 என்று நொறுக்கிய கதையைச் சொன்னார். ஆசியக் கோப்பை வேறு, இது வேறா என்று சித்தப்பா கேட்டார். உண்மையிலேயே நல்ல கேள்வி, அதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் வந்தது: ஆசியக் கோப்பை ஜெயித்தால் உலகக் கோப்பைக்கு நேரே டிக்கெட், இது ஆசியாவின் முன்னணி டீம்கள் மட்டும் ஆடுவது. இந்தத் தடவை ஆறு டீம்.

மூன்றாவது குவார்ட்டர் முடியப் போகும் நேரம் சித்தப்பா எழுந்தார். "இனி இதுல ஒண்ணும் இல்ல, ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

அவர் படியிறங்கிய பிறகு 45-ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் ஒன்று போட்டார். அந்தக் கத்தல் அடங்குவதற்குள் அதே நிமிடத்தில் குர்ஜந்த் இன்னொன்று. 3-3. முன்னே இருந்த கோவில்பட்டிக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார், எனக்குப் பின்னால் இருந்த அம்மா என் தலையில் பாப்கார்னைக் கொட்டினார்.

இடைவேளையில் பேப்பர் கப்போடு திரும்பிய சித்தப்பா ஸ்கோர் போர்டைப் பார்த்தார். "போர்டு ரிப்பேரா?"

அப்போதுதான் முகத்தில் மூவர்ணம் பூசிய ஒரு கல்லூரிப் பையன் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தான். அங்கிள் வருவதற்கு முன்னால் ஒன்று, போன பிறகு இரண்டு, அங்கிள் உட்கார்ந்திருக்கும்போது விழுந்தது எல்லாம் மலேசியா கோல். வரிசை முழுக்க விஷயம் பரவியது. கடைசி குவார்ட்டரில் ஒன்றும் நடக்காமல் நிமிடங்கள் போகப் போக எல்லாப் பார்வையும் எங்கள் சீட் பக்கம் திரும்பியது. "அங்கிள், இன்னொரு டீ..." "இப்பத்தானேப்பா குடிச்சேன்." நான் சொன்னால் அடி விழும், அதனால் வாயைத் திறக்கவில்லை. ராசி ஜாதகம் எல்லாம் நம்பாத ஆள் மாதிரி இருந்த கோவில்பட்டிக்காரர் திரும்பி, கையைக் கூப்பி, "அண்ணாச்சி, நாட்டுக்காக" என்றார்.

நாட்டுக்காக என்றதும் சித்தப்பாவால் மறுக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்குக் கூப்பிட்ட பெரிய மனுஷர் மாதிரி நிதானமாக நடந்து, வாசல் படியில் கிரவுண்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். 56-ஆவது நிமிடம், ஆகாஷ்தீப் சிங் அடித்தார், கோல்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவரை மொத்த வரிசையும் கை நீட்டித் தடுத்தது. இன்னும் நாலு நிமிடம் இருந்ததே. பாவம், அப்படியே திரும்பிப் போய் நின்றார்.

இந்தியாவுக்கு நான்காவது பட்டம். நாலு கோலில் ஒன்றைக்கூடப் பார்க்காமல், மலேசியாவின் மூன்றையும் முழுசாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், சித்தியிடம் ஃபைனலை எப்படி ஜெயித்துக் கொடுத்தார் என்று இரவு ஒரு மணி வரை சொன்னார். சித்தி கேட்ட ஒரே கேள்வி, குடை எங்கே. அது வண்டியில் இல்லை.

அடுத்த வருஷம் இதே போட்டி சீனாவில், ஃபைனலில் இந்தியாவும் சீனாவும். டிவி முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம், கடைசி குவார்ட்டர், 0-0. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவே பெருமூச்சு விட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். 51-ஆவது நிமிடம் ஜுக்ராஜ் சிங் கோல் போட்டார். "என்னடா ஆச்சு?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணும் இல்ல, அங்கேயே இருங்க" என்றார் சித்தி. இன்னும் ஒன்பது நிமிடம் பாக்கி இருந்தது.