10 பெட்டி கணக்கு, 2 பெட்டி மிச்சம்

தேனீ வளர்க்க ஆரம்பிச்சு இது ரெண்டாவது வருஷம். செப்டம்பர்ல நோட்டுல எழுதின கணக்கு இப்பவும் கையில இருக்கு: 4 பெட்டில இருக்க ஈக்கூட்டத்த பிரிச்சு 10 பெட்டி ஆக்கணும், பெட்டிக்கு 6 கிலோ வச்சாலும் 60 கிலோ தேன், அத வித்து வீட்டு ஓடு மாத்த வாங்கின கடன்ல பாதிய அடைக்கணும். அதுக்கு மேல பெருசா 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்'ண்ணு வேற எழுதி அடியில கோடு போட்டிருக்கேன்.

எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல களியக்காவிளைல இருந்து கொஞ்சம் உள்ள, சுத்தி ரப்பர் தான். ரப்பர் தேன் பூவுல இருந்து வாறதுண்ணு நிறைய பேரு நினைக்காங்க. அப்டி இல்ல, இலை எல்லாம் உதிர்ந்து புது தளிர் வரும்போ, அந்த மூணு இலையும் காம்புல சேர்ற இடத்துல சின்ன சுரப்பி இருக்கு, அதுல இருந்து தான் ஈ எடுக்கும். ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும் தான் கோளு, அதாவது தேன் வாற காலம், அதுக்குள்ள பெட்டி நிறைய ஈ இருக்கணும். மார்த்தாண்டத்துல இந்த தொழில் 1920கள்ல ஸ்பென்சர் ஹேட்ச்ங்கிற அமெரிக்கக்காரரு ஒய்எம்சிஏ வழியா சொல்லிக்குடுத்து பரவினது, நாங்க பாவிக்கிற சின்ன பெட்டிக்கும் நியூட்டன்ங்கிற பாதிரியார் பேரு தான். அதனால ஊர்ல யார்கிட்ட கேட்டாலும் ஒரு யோசனை கிடைக்கும், அது ஒரு வசதி, ஒரு தொல்லையும் கூட.

அக்டோபர்ல நாலையும் பிரிச்சு எட்டாக்கினேன். நல்லா போச்சு, ராணி அறை எல்லாம் கட்டிச்சு. அப்புறம் விடாத மழை. ஈ வெளிய போகல, ஒண்ணுக்கு ஒண்ணு சீனியும் தண்ணியும் காய்ச்சி ஆத்தி சிரட்டையில வச்சேன். நவம்பர் நடுவுல அடை கட்டியிருக்க மரச்சட்டம் ஒண்ண தூக்கி பாத்தா அறை மூடி எல்லாம் ஓட்டை, உள்ள புழு தலைய மேல தூக்கி நிமிந்து செத்து கெடக்கு. ஊக்கு முனையால எடுத்தா தோலு மட்டும் சின்ன பை மாதிரி வருது, உள்ள தண்ணி. தாய் சாக்புரூட் வைரஸ், ஈயோட புழுவ கொல்லுற தீனம் (நோய்), 'தாய்'ண்ணா தாய்லாந்து. நான் செஞ்ச பெரிய முட்டாள்தனம் என்னண்ணா, பலம் குறைஞ்ச பெட்டிக்கு உதவட்டும்ண்ணு பலமான பெட்டியில இருந்து புழு அடைய எடுத்து மாத்தி மாத்தி வச்சேன், தீனத்த நானே வீடு வீடா கொண்டு குடுத்த மாதிரி ஆயிட்டு. கிறிஸ்துமஸ்க்குள்ள மூணு கூட்டம் பறந்து போச்சு, மூணு செத்துது, காலி அடையில மெழுகுப் புழு வலை பின்னிட்டு.

பக்கத்து பாட்டா வந்து பாத்தாரு. 1991-92ல இதே தீனம் தென்னிந்தியா முழுக்க அடிச்சப்போ அவருக்கு மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. "மருந்து ஒண்ணும் கிடையாது மக்கா, ராணிய பிடிச்சு கொஞ்ச நாள் கூண்டுல போடு. முட்டை இல்லேண்ணா புழு இல்ல, புழு இல்லேண்ணா தீனம் எதுல பிடிக்கும்?" ண்ணு சொல்லிட்டு சாயா குடிச்சிட்டு போயிட்டாரு. ஆறுதல் ஒண்ணும் சொல்லல, அது எனக்கு பிடிச்சிருந்துது.

ஏன்னா ஆறுதல் சொன்னவங்க தான் அப்போ எரிச்சல் படுத்தினாங்க. சர்ச்சுல சாட்சி நேரம் வந்தா வேலை கெடச்சது, விசா வந்ததுண்ணு தான் கேக்கலாம், பெட்டி செத்தவன் என்னத்த சாட்சி சொல்லுகது? மூணு ஞாயிறு பாட்டுக்கு வாய தொறக்காம இருந்தேன். யோசிச்சா நான் ஜெபம்ண்ணு பண்ணிட்டு இருந்ததே என் கணக்குல கர்த்தர்கிட்ட ஒரு கையெழுத்து கேட்டது தான்.

ஒருநாள் ராத்திரி ஜெபத்துல வாசிக்கிறது மகளோட முறை, பைபிள்ல ஆபகூக் 3ஆம் அதிகாரம். "கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும்" வரைக்கும் வந்து நின்னுட்டா. "அப்பா, முதலற்றுண்ணா என்ன?" ஒண்ணுமே மிச்சம் இல்லாம போறதுண்ணு சொன்னேன். "நம்ம பெட்டி மாதிரியா?" ண்ணு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" ண்ணு வாசிச்சிட்டே போறா. அவ படுத்த பிறகு நான் திரும்ப எடுத்து பாத்தேன், மாடு திரும்பி வந்துதுண்ணு அந்த அதிகாரத்துல எங்கயாவது இருக்காண்ணு. இல்ல. கால்கள மான்கால் மாதிரி ஆக்குவாருண்ணு தான் முடியுது, துளிர்விடாம போனாலும்ண்ணு அதுல சொல்ற அத்திமரமும் கடைசி வரைக்கும் துளிர்க்கவே இல்ல. எனக்கு பயம் விட்டது அங்க தான், ஏன்ணு சரியா சொல்லத் தெரியல. தேன் வந்தா தான் அவரு கூட இருக்காருண்ணு நான் பிடிச்சு வச்சிருந்தேன் போல. கடன் அப்படியே தான் இருந்துது, ஆனா அன்னைக்கு ராத்திரி தூங்கினேன். மறுநாள் போய் தவணைக்கு டைம் கேட்டேன், நாலு மாசம் குடுத்தாங்க.

இப்போ பிப்ரவரி கடைசி. ரெண்டு பெட்டியிலயும் ராணிய கூண்டுல இருந்து விட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, புது முட்டை இருக்கு, புழு வெள்ளையா சுருண்டு கெடக்கு, நிமிந்தது ஒண்ணும் இல்ல. தேன் ஒரு கையளவு மூடியிருக்கு, எடுக்கல, அதுகளே தின்னட்டும். பழைய அடை எல்லாம் எரிச்சாச்சு, காலி பெட்டிய பிளீச்சிங் பவுடர் தண்ணில கழுவி வெயில்ல வச்சிருக்கேன்.

எட்டு ஸ்டாண்டும் பறிக்காம அப்படியே தான் நிக்குது. எறும்பு ஏறாம இருக்க கால்ல வச்ச சிரட்டைக்கு சாயங்காலம் தண்ணி ஊத்தும்போ ஆறு காலி ஸ்டாண்டுக்கும் சேத்து ஊத்துறேன், மக குடம் தூக்கிட்டு பின்னாலேயே வாறா.