வராத வருடம்

"நீங்கள் வராத வருடம் இந்த மரம் என்ன செய்யும், தம்பி?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். ஏணியில் நின்றபடியே பதில் சொன்னேன்: "ஒரு வருடம் விட்டால் ஒன்றும் ஆகாது, ஐயா. தொடர்ந்து விட்டால்தான் கை மீறும்." மரங்களைக் கவாத்து செய்யும் இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவரும் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

அவர் முதலில் கேட்டது எல்லோரும் கேட்பதுதான். அவர் வீட்டு மேப்பிள் மரத்தின் உச்சியை ஒரே மட்டமாக வெட்டிவிட்டால் அந்த உயரத்திலேயே நின்றுவிடும் அல்லவா? நிற்காது. மொட்டையாக வெட்டினால், பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் ஒரே சமயத்தில் விழித்து, வெட்டுவாயைச் சுற்றி நீர்ப்போத்துகளாக, அதாவது நேராக மேலெழும் புதுக் குருத்துகளாகக் கிளம்பும். வெகு வேகமாக உயரும். ஆனால் அவற்றின் பிடிமானம் மேலோட்டமானது. கனம் கூடியதும் காற்றுக்குப் பிய்ந்து விழும். மூடாமல் கிடக்கும் பெரிய வெட்டுவாய் வழியாக அழுகல் உள்ளே இறங்கும். இதை விளக்கியதும், "அப்படியானால் உங்கள் முறைப்படியே செய்யுங்கள்" என்றார். ஒரு எதிர்க்கேள்விகூட இல்லை.

உயர்ந்த கிளையை நடுவில் துண்டிக்காமல், அதிலிருந்து பிரியும் ஒரு பக்கக் கிளை வரைக்கும் இறக்கி வெட்டுவது என் முறை. அந்தப் பக்கக் கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதைவிட மெலிந்திருந்தால் தலைமையை ஏற்க அதனால் முடியாது. மறுபடியும் போத்துகள்தான் வரும். ஒரு வருடத்தில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் கை வைப்பதில்லை. மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிர் ஜோடியாக அமைகின்றன. அதனால் ஒரு கணுவுக்குச் சற்று மேலே கவாத்து செய்தால் இரண்டு குருத்தும் சேர்ந்து புறப்பட்டுக் கவட்டையாகிவிடும். ஒன்றைக் கிள்ளிவிட்டால்தான் வடிவம் நம் வசப்படும். கனமான கிளைக்கு முதலில் அடியிலிருந்து அரைகுறையாக ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து இன்னொரு வெட்டு, பாரம் இறங்கிய பிறகு, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கிளைக் கழுத்துக்கு வெளியே கடைசி வெட்டு. அந்தக் கழுத்தை நான் தொடவே மாட்டேன். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது எனக்கு வேதவாக்கு: மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. வெட்டுவாயில் சாயம் பூசுவதை நிறுத்தியதும் அவர் எழுத்தைப் படித்துத்தான்.

பருவமும் முக்கியம். குளிர்காலக் கடைசியில் மேப்பிளை வெட்டினால் சாறு வடியும். அதனால் மரம் செத்துவிடாது, பார்ப்பவர்தான் பதறுவார். என் கவலை வேறு. வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த உணவு முழுவதும் மிச்சமிருக்கும் மொட்டுகளுக்கே போவதால், வசந்தத்தில் மரம் மூர்க்கமாக எழும்பும். இலைகள் முற்றிய பிறகு, கோடை நடுவில் வெட்டினால் வளர்ச்சி அடங்கும். மரத்தைச் சிறிதாக வைத்திருக்க வேண்டுமென்றால் அதுதான் காலம்.

இதெல்லாம் சரி. ஆனால் அவர் வீட்டுப் பின்புறம் நிற்பது சிவப்பு மேப்பிள். சாதாரணமாகவே 12 முதல் 18 மீட்டர் வளரக்கூடியது. அதை 5 மீட்டரில் நிறுத்தி வைக்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன். இளமரம், இப்போது வெட்டும் கிளைகளெல்லாம் கட்டைவிரல் பருமன்தான், காயங்கள் விரைவில் மூடிவிடும். இந்த வயதில் தொடங்கினால் முடியும் என்று இப்போதும் நம்புகிறேன். ஐரோப்பாவில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே இடத்தில் கழித்துக்கழித்தே நூற்றாண்டுகளாக வாழவைத்த மரங்கள் உண்டு.

ஆனால் அந்த மரங்களைப் பற்றியே இன்னொன்றும் தெரியும். கழிப்பது நின்றுபோனால், பழைய வெட்டுமுண்டுகளின் மேல் கிளைகள் பெருத்துக் கனத்து, ஒரு கட்டத்தில் அடிமரத்தையே பிளந்துவிடுகின்றன. நான் செய்வது அந்த முறை இல்லை. பக்கக் கிளைக்கு இறக்கி வெட்டிய மரம், விட்டுவிட்டாலும் அந்த அளவுக்குக் கெடாது. ஆனாலும் ஆண்டுதோறும் அடக்கி வைத்த மரம், கைவிடப்பட்ட பிறகு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தானே அவர் கேட்டார்? நான் ஒரு வருடத்துக்குப் பதில் சொன்னேன். அவருடைய வயதில் ஏணி ஏற முடியாது. அடுத்து அந்த வீட்டில் யார் இருப்பார்கள், அவர்கள் யாரையாவது கூப்பிடுவார்களா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. மரம் எங்கள் இருவரையும் தாண்டி நிற்கும்.

மாற்று யோசனை அப்போதே என்னிடம் இருந்தது. இதை எடுத்துவிட்டு ஒரு ஜப்பானிய மேப்பிள் வைக்கலாம். அது மெதுவாக வளரும், தன் வடிவத்தைத் தானே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும், தவறிய வருடங்களைப் பொறுத்துக்கொள்ளும். நான் சொல்லவில்லை. நோயில்லாத, நன்றாக வேர்பிடித்த ஒரு மரத்தை, உரிமையாளர் கேட்காதபோது, எடுத்துவிடலாம் என்று சொல்வது என் வேலை இல்லை என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மறுபாதி வேறு கணக்குப் போடுகிறது: மரம் அங்கே நிற்கும் வரை ஒவ்வொரு கோடையும் எனக்கு ஒரு நாள் வேலை உறுதி. அதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அதற்காக இல்லை என்று அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

வேறொரு வீட்டில், கூரையைத் தாண்டிவிட்ட வெள்ளி மேப்பிளைச் சிறிதாக்க முடியாது, எடுப்பதுதான் வழி என்று தயங்காமல் சொன்னவன் நான். அங்கே தொடை பருமன் கிளைகளை வெட்ட வேண்டியிருந்தது, மரம் தாங்காது. அது எளிய முடிவு. பெரியவரின் மரமோ எல்லாவற்றையும் தாங்கும். தாங்குகிறது என்பதற்காகச் செய்துகொண்டே போகலாமா என்பதற்கு எந்தக் கவாத்துப் புத்தகத்திலும் விடை இல்லை.

இந்தக் கோடையில் உச்சியில் போட்டியிடும் இரண்டாவது தலைமைக் கிளையை இறக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் மரத்தின் வடிவம் முடிவாகிவிடும். பிறகு எடுப்பதைப் பற்றிப் பேசுவது பொருத்தமாக இருக்காது. பேசுவதென்றால் அதற்கு முன்பே பேச வேண்டும். பேசினால் அவர் மறுப்பார் என்ற பயம் எனக்கு இல்லை. நான் எதைச் சொன்னாலும் உடனே சரி என்பவர் அவர். மரத்தை எடுத்துவிடலாம் என்றாலும் சரி என்றுதான் சொல்வார்.