300 மீட்டருக்கு 34 மில்லிபார்: எதுவரை நம்பலாம்?

குரூப் 2, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காற்றழுத்தப் பாடத்தில் தவறாமல் அடிக்கோடிடும் வரி, ‘300 மீட்டர் ஏறினால் 34 மில்லிபார் குறையும்’ (மில்லிபார் என்பது காற்றழுத்தத்தின் அலகு). அதை மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் ஒருமுறை கணக்குப் போட்டும் பாருங்கள். எனக்குப் பாடம் பிடிபட்டது அப்படித்தான்.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1013 மில்லிபார். மதுரை சுமார் 100 மீட்டர் உயரம்தான், பெரிய வித்தியாசம் இல்லை. ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறினால் கதையே வேறு. சில செல்போன்களில் காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி இருக்கும். அதற்கான ஆப்பைத் திறந்து வையுங்கள். ஹெக்டோபாஸ்கல் என்று காட்டினால் குழம்ப வேண்டாம், மில்லிபாரும் அதுவும் ஒன்றே. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் எண் மளமளவென்று இறங்கும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் உப்பி விறைத்துக்கொள்ளும், காது அடைக்கும். கொடைக்கானலின் 2,100 மீட்டரில் ஏறக்குறைய 785. அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பவர்கள் பாவம்.

சூத்திரப்படி பார்த்தால் 7 முறை 34, அதாவது 238 குறைந்து 775 வரவேண்டும். பரவாயில்லை, பக்கத்தில்தான் இருக்கிறது. இதையே 8,848 மீட்டர் எவரெஸ்டுக்குப் போட்டால் மிஞ்சுவது வெறும் 10 மில்லிபார்! உண்மையில் அங்கே 330 அளவுக்கு இருக்கிறது. ஏன்? அழுத்தம் என்பது நமக்கு மேலே இருக்கும் காற்றின் எடை. கீழ்க்காற்று நெருங்கி அடர்ந்திருப்பதால் 300 மீட்டர் ஏறினாலே கணிசமான எடை கழிந்துவிடும். மேலே காற்று மெலிந்திருப்பதால் அதே 300 மீட்டருக்குக் கழிவது கொஞ்சம்தான். 5.5 கிலோமீட்டரில் அழுத்தம் பாதியாகிவிடும்.

வரலாற்றில், பாரமானியை உருவாக்கிய டாரிசெல்லி 1643, உயரே போனால் அழுத்தம் குறையும் என்று காட்டிய பாஸ்கலின் மலைச் சோதனை 1648: இந்த வரிசை தெரிந்தால் போதும்.

கூற்று–காரணம் கேள்விகளில்தான் கவனம் வேண்டும். ‘மலையில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு’ என்று வந்தால் தவறு. சதவீதம் அதே 21தான், அழுத்தம் குறைவதால் மூச்சுக்குக் கிடைக்கும் அளவு குறைகிறது. மலையில் அழுத்தம் குறைய ‘புவியீர்ப்பு குறைவதே காரணம்’ என்பதும் தவறு. கொடைக்கானல் உயரத்தில் அந்த மாற்றம் அற்பம்.

அப்புறம் சம அழுத்தக் கோடுகள், அதாவது வரைபடத்தில் ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். புயலின் அடையாளமே குறைந்த அழுத்தம்தான். கொடைக்கானலின் 785ஐ அப்படியே வரைபடத்தில் குறித்தால், வருஷம் முழுக்க அங்கே பயங்கரப் புயல் நிற்பதாகத் தெரியும். அதனால்தான் அளவுகளைக் கடல்மட்டத்துக்கு மாற்றிக்கொண்டு கோடு வரைகிறார்கள். ஏன் என்று கேட்டால், ‘உயரத்தின் விளைவை நீக்க’ என்ற விடையைத் தேடுங்கள்.