வேலிப்பொட்டு

பொலிஸ்காரர் கையைக் காட்டியதும் என் வலக்கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. உள்ளே ஒன்றுமில்லை. இலங்கையில் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலம் முடிந்து 28 வருடமாகிறது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

பெரிய குற்றம் எதுவும் செய்யவில்லை. எதிர்வீட்டுக் கிழவருக்குக் கொடுக்க ஒரு பை கத்தரிக்காயை ஏடிவி என்கிற நாலு சில்லு வண்டியின் முன்கரியரில் கட்டிக்கொண்டு, சாரத்தோடு, வெறுந்தலையோடு, என் வளவுக்குள் இருந்து றோட்டைக் கடந்தேன். இருபது அடி றோட்டு. ஒரு மணித்தியாலத்துக்கு நாலு கார் போனால் அதிசயம். ஐந்தாவது கார் அவருடையது.

"இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு இருக்கிறது" என்றேன்.

சிரிக்கவில்லை. ஆனால் மனுஷன் நல்லவர், அபராதத் துண்டு எழுதவில்லை. சொந்தக் காணிக்குள் ஓடும்வரை எவரும் எதுவும் கேட்கப்போவதில்லை, சில்லு றோட்டில் பட்டதும் ஹெல்மெட், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும் என்று பொறுமையாக விளங்கப்படுத்திவிட்டு, எஞ்சினை நிறுத்தி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அந்தச் சாமான் 300 கிலோ. கிழவர் ஓடிவந்து பின்னால் பிடித்தார். நான் ஒரு கையால் சாரத்தையும் மறுகையால் ஹாண்டிலையும் பிடித்தபடி நடுறோட்டில் நின்றேன். இருபத்தைந்து வருடம் கனடாவின் ஸ்காபரோவில் கார் ஓடி ஒருநாளும் மறிபடாதவன் நான். லின்ட்சேக்குப் பக்கத்தில் காணி வாங்கி, பனி வழிக்கவும் விறகு இழுக்கவும் என்று கிழவரின் மருமகனிடம் பழசாக ஒரு நாலு சில்லு வண்டியை எடுத்து, "இனி நான் இந்த ஊர்க்காரன்" என்று தம்பிமாருக்கெல்லாம் படம் அனுப்பி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

அன்று இரவு எல்லைக்கோட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். எங்களுக்கு எல்லை என்றால் கண்ணால் காண்கிற சாமான். கிளுவைக் கதியால், பூவரசு, கிடுகு. வருடா வருடம் வேலி அடைக்கிற நாளில் கதியால் அரை அங்குலம் இந்தப் பக்கம் நகர்ந்தால் கத்தி தூக்குவோம், கோட்டுக்குப் போவோம், பேரப்பிள்ளை காலம்வரைக்கும் வழக்குப் பேசுவோம். இங்கே 12 ஏக்கருக்கு ஒரு தடி கிடையாது. புல் எங்கே முடிகிறது, றோட்டு எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியாது. சட்டத்துக்கு மட்டும் அங்குலக் கணக்கில் தெரிகிறது.

அடுத்தநாள் ஸ்காபரோவில் என் கார் இன்சூரன்ஸ் பார்க்கிற தம்பிக்கு எடுத்தேன்.

"அண்ணை, குவாடோ, கார் மாதிரிச் சீற்று வைச்ச சைட்-பை-சைடோ?"

"தெரியாது. கால் ரெண்டு பக்கமும் போட்டு இருக்கிறது."

"அப்ப குவாட். ஒராள் சீற்றோ, ரெண்டோ?"

"ஒண்டுதான். ஆனால் பின்கரியரிலை மனிசி இருப்பா."

போனில் ஒரு பெருமூச்சு. ஒராளுக்கென்று செய்த வண்டியில் றோட்டில் இன்னொருவரை ஏற்றக்கூடாதாம். எம்டி 90 மோட்டார்சைக்கிளில் டாங்கியின் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் அம்மாவும் புட்டுப் பெட்டியும் என்று வல்லிபுரக் கோயிலுக்குப் போன குடும்பத்துக்கு இதைச் சொல்கிறான்.

வீட்டு இன்சூரன்ஸ் இதையும் பார்க்கும் என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன். "வீட்டுப் பொலிசி அனேகமா உங்கடை காணி எல்லையோடை நிண்டிடும் அண்ணை, சில பொலிசி அதுக்குள்ளையும் பாக்காது" என்றான். ஒன்டாரியோவில் ஏடிவிக்கும் காருக்கு எடுப்பதைப் போன்ற வாகன இன்சூரன்ஸ்தான் வேண்டும். நாங்கள் மற்றவருக்குச் செய்கிற சேதத்துக்குச் சட்டப்படி ஆகக்குறைந்தது 200,000 டொலர் இருக்கவேண்டும். அவன் பத்து லட்சம் போடச் சொன்னான்.

"இந்தக் காட்டுக்குள்ளை பத்து லட்சத்துக்கு நான் ஆரை அடிக்கப்போறன்?"

"அடிபடுறவன் ஆரெண்டு நீங்கள் தெரிவு செய்யேலாது அண்ணை."

அதற்கு மறுமொழி இருக்கவில்லை. இரண்டு தொகைக்கும் இடையில் வருடத்துக்குச் சில பத்து டொலர்தான் வித்தியாசம்.

பிறகு கேள்விகள். பனிப் பிளேட் பூட்டியிருக்கிறதா? வண்டியை இழுக்கிற வின்ச்? பிறகு பூட்டிய சாமான்களைச் சொல்லாமல் விட்டால், வண்டி களவு போகிறபோது வண்டிக்கு மட்டும்தான் காசு கிடைக்கும், பில்லை வைத்துக்கொள்ளுங்கள் என்றான். குளத்து ஐஸில் ஓடுவீர்களா? ஐஸில் நான் நடப்பதே இல்லை. மற்றவர்களின் டிரைவ்வேயில் பனி வழிப்பீர்களா?

"எதிர்வீட்டுக்கு வழிப்பன்."

"காசு வாங்குவியளோ?"

"முட்டை தருவார். டசின் கணக்கா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "முட்டை பரவாயில்லை அண்ணை. காசு வாங்கத் தொடங்கினா எனக்குச் சொல்லிப்போடுங்கோ. அது தொழில், வேறை பொலிசி."

கடைசியில் ஒரு கணக்குப் போட்டோம். மரத்தில் மோதினாலோ புரண்டாலோ வண்டியைத் திருத்தித் தருகிற கொலிஷன் பகுதியை விட்டுவிட்டேன். 2011ஆம் ஆண்டு வண்டி. அதன் முழுப் பெறுமதியே 4,500 டொலர், அதில் முதல் 1,000 நான் போடவேண்டும், மிச்சத்துக்காக வருடா வருடம் கட்டுவது எங்களுடைய ஆட்களின் கணக்குக்குச் சரிவராது. புது வண்டியைக் கடனுக்கு எடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள், கடன் கொடுத்தவன் விடமாட்டான். களவுக்கும் நெருப்புக்கும் மட்டும் போட்டேன். இந்தச் சாதி வண்டியை ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு போக இரண்டு பேரும் ஐந்து நிமிடமும் போதும். எனக்குக் காயம் பட்டால் வைத்தியத்துக்கும் பராமரிப்புக்குமான பகுதி கேட்காமலே கூடவந்தது. எல்லாமாக வருடம் 300 டொலருக்குக் கொஞ்சம் மேல்.

பொலிசி வந்ததும் மனைவி படுத்தபிறகு இருந்து வாசித்தேன். பணம் கொடுக்காத காரணங்களின் பட்டியலில் ஒரு வரி: குண்டுவீச்சு, படையெடுப்பு, உள்நாட்டு யுத்தம், கிளர்ச்சி. யுத்தம் பிரகடனம் செய்யப்பட்டிருந்தாலும் சரி, செய்யப்படாவிட்டாலும் சரி. லின்ட்சேயில் ஆர் வந்து குண்டு போடப்போகிறான்? ஆனால் அந்த வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் அண்ணையின் மோட்டார்சைக்கிளுக்கு ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, இரைச்சல் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஒழுங்கை முழுக்கக் கரும்புகை, அடுப்படி மணம். ஒருநாள் அந்தப் புகைக்கு நடுவிலேயே பொம்மர் விமானம் இரைந்தது. அண்ணை மோட்டார்சைக்கிளை வாய்க்காலில் போட்டுவிட்டு ஓடினான். திரும்பி வந்து பார்த்தபோது முன்சில்லு மாத்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டிக்குச் சேதம் ஏதும் இல்லை. எங்களுடைய வேப்பமரத்துக்குத்தான் கொப்பு போனது.

நம்பர் பிளேட்டும் ஹெல்மெட்டும் வந்தபிறகு, பாதையில் ஓடுவதற்கான ட்ரெயில் பாஸும் எடுத்துக்கொண்டு கிழவரோடு விக்டோரியா ரெயில் ட்ரெயிலில் போனேன். கின்மவுண்ட் பக்கம் போகிற பழைய ரயில்பாதை அது. தண்டவாளத்தைக் கழற்றிச் சரளை போட்டு வைத்திருக்கிறார்கள், ஏடிவி ஓடலாம். எல்லா றோட்டும் அப்படியல்ல, ஊருக்கு ஊர் பை-லோ என்கிற உள்ளூர்ச் சட்டம் வேறு, பார்த்துத்தான் இறங்கவேண்டும். மேப்பிள் எல்லாம் சிவந்திருந்தது. நான் மரத்தைப் பார்க்கவில்லை. தண்டவாளம் இல்லாத ரயில்பாதையை எனக்கு முன்னமே தெரியும். 1990இல் யாழ்தேவி நின்றபிறகு எங்கள் ஊர்ப் பாதையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய், மேடு மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அதில்தான் சைக்கிளில் டியூசனுக்குப் போனோம். 2014இல் ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்ததை நான் கைபேசியில் பார்த்தேன். கிழவர் ஹெல்மெட்டைத் தூக்கி "பிடித்திருக்கிறதா?" என்று கத்தினார். தலையாட்டினேன்.

வந்து அம்மாவுக்கு எடுத்தேன். புது வண்டி என்றதும் "லாண்ட்மாஸ்டரோ தம்பி?" என்றா. ஊரில் உழுகிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் அது. கிட்டத்தட்ட அதுதான் என்றேன். றோட்டைக் கடக்க இன்சூரன்ஸ் எடுத்த கதையைச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு, "பின்பக்க மதில் கட்டி முடிஞ்சுது. நீ அனுப்பினது காணாமல் கொஞ்சம் கடன்" என்றா.

"அப்ப பொட்டு?"

பின்வேலியில் கிடுகை விலக்கி ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. கறிவேப்பிலையும் அரைக்கொத்து அரிசியும் ஊர்ப் புதினமும் அதற்குள்ளால்தான் போய்வரும்.

"மதிலுக்கு என்னெண்டு பொட்டு வைக்கிறது? பக்கத்து வீட்டு மாமி இப்ப றோட்டாலை சுத்தித்தான் வாறா. முழங்கால் நோவோடை."

போனை வைத்தபோது மேசையில் கிழவரின் வெறும் முட்டைப் பெட்டி இருந்தது. சாரத்தை மாற்றிக் களிசான் போட்டு, ஹெல்மெட்டைக் கொழுவி, பிங்க் சிலிப் என்கிற இன்சூரன்ஸ் துண்டு சீற்றுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருபது அடி றோட்டைக் கடந்தேன்.