மூன்றாம் அத்தியாயம்

மார்ச் 4

பத்து வயதுப் பிள்ளைகளுக்கான பிரமிடு புத்தகம். மூன்றாம் அத்தியாயத்தைச் சாட்டையடியோடு தொடங்கியிருந்தேன். இன்று அத்தனையையும் அடித்துவிட்டேன். எகிப்தின் கீசாவில் 1990-இல் வெளிப்பட்ட தொழிலாளர் கல்லறைகளையும் பக்கத்துக் குடியிருப்பையும் பற்றிப் படித்த பிறகு அந்தச் சாட்டை பொருந்தவில்லை. ரொட்டி சுட்ட மண் அச்சுகள், மாட்டெலும்புகள், முறிந்து ஒழுங்காகக் கூடிய கை எலும்புகள். வைத்தியம் பார்த்து, இறந்தபின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். அதற்காக எல்லோரும் ஆசைப்பட்டு வந்தார்கள் என்றும் எழுத முடியாது. முறை வைத்து ஆள் திரட்டிய வேலை. 'அடிமைகள்' என்று நான் சின்ன வயதில் படித்ததை யோசிக்காமல் அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவிடப் பார்த்தேனே!

மார்ச் 6

கீசாவின் பெரிய பிரமிடில் சுமார் 23 லட்சம் கற்கள் என்றால் எந்தக் குழந்தைக்குப் புரியும்? 20 ஆண்டு வேலை என்று வைத்துக் கணக்குப் போட்டேன். நாளுக்கு 315. பத்து மணி நேர வேலை என்றால், கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல். சரி, இது போதும்.

மார்ச் 9

இன்று முழுக்க மெரரோடு. செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013-இல் தொல்லியலாளர் பியர் தல்லேயின் குழு கண்டெடுத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள். எழுத்துள்ளவற்றில் இதுவரை கிடைத்த மிகப் பழையவை. அவற்றில் நாட்குறிப்பு எழுதிய மெரர் ஒரு மேற்பார்வையாளர். துரா என்ற கல்குவாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, நைல் வழியாகக் கூஃபு மன்னனின் அந்தப் பெரிய பிரமிடுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவருடைய குழுவின் வேலை. இன்று கல் ஏற்றினோம், இரவு இங்கே தங்கினோம், அவ்வளவுதான் நாட்குறிப்பு. களைப்பு, கோபம், ஒன்றும் கிடையாது. நான் இங்கே புலம்புவதைப் பார்த்தால் சிரிப்பார்.

மார்ச் 12

மெரர் வியர்வையைத் துடைத்தபடி பிரமிடை அண்ணாந்து பார்த்துப் பூரித்ததாக ஒரு வரி எழுதியிருந்தேன். பதிப்பாசிரியருக்கு அதுதான் பிடித்ததாம். எடுத்துவிட்டேன். தொலைபேசியில் அரைமணி நேர வாக்குவாதம். அப்புறம் இருவருமே சோர்ந்து வைத்துவிட்டோம்.

மார்ச் 15

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்பது வயது. கற்களின் கணக்குக்குக் கொட்டாவி. மெரர் வந்ததும் நிமிர்ந்தாள். "திரும்பி வர்றப்போ படகு காலியாத்தானே இருக்கும்? அப்போ சீக்கிரம் வந்துருவாங்களா?"

எனக்குத் தோன்றவே இல்லை இந்தக் கேள்வி! ஓடிப்போய்க் குறிப்புகளைப் புரட்டினேன். ஒரு பயணத்தில், பாரத்தோடு ஆற்றின் போக்கிலேயே போனதற்கு இரண்டு நாள். காலிப் படகில் நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பியது ஒரே நாளில். நைலில் வடக்கிலிருந்து வீசும் காற்று பாய்க்கு உதவியிருக்கும் என்றேன். "நான்தான் சொன்னேனே" என்றாள்.

மூன்றாம் அத்தியாயம் இனி காலிப் படகில் தொடங்கும். பதிப்பாசிரியரிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.