இக்னிஷன் காயில்களை எப்போது மாற்றுவது: என் ஸ்போர்ட்ஸ் காரில் முடிவெடுத்த விதம்

என் காரின் பராமரிப்புக் கையேட்டில் ஸ்பார்க் பிளக்குகளை எத்தனை ஆண்டுகளுக்கு அல்லது எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. இக்னிஷன் காயில்களைப் பற்றி அப்படி ஒரு வரிகூட இல்லை. பிளக் தேய்ந்துகொண்டே வரும் பொருள் என்பதால் அதற்குத் தவணை குறிக்க முடிகிறது. காயிலோ பல ஆண்டுகள் குறையின்றி ஓடிவிட்டு, பிறகு ஈரமான ஒரு காலையில் திடீரென்று முரண்டு பிடிக்கும். அதனால் மாற்றும் நேரத்தை நாமேதான் கணிக்க வேண்டியிருக்கிறது.

என்னுடையது ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின்; அதாவது, சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாக எதிரெதிரே படுத்த நிலையில் இருக்கும். சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு காயில் வீதம், ஒவ்வொன்றும் அதனதன் பிளக்கின் மேல் நேரடியாக அமர்ந்திருக்கும். மின்கலத்தின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்கின் இடைவெளியில் தீப்பொறியைத் தாவச் செய்வது இதன் வேலை. எஞ்சினின் பக்கவாட்டில், புகைக்குழாய்களுக்கு மிக அருகில், சக்கரம் இறைக்கும் தண்ணீரும் எட்டக்கூடிய இடத்தில் இவை இருப்பதால், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்கி, பிளாஸ்டிக் உறையில் காலப்போக்கில் விரிசல் விழுகிறது.

முதலில் தென்பட்டது மழை நாள்களில் மட்டும் வந்த நடுக்கம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் ஐடிலிங் (கார் நகராமல் எஞ்சின் மட்டும் ஓடுவது) சீராக இருக்காது; சூடேறியதும் எல்லாம் சரியாகிவிடும். விரிசலுக்குள் புகுந்த ஈரம் வழியாக மின்சாரம் பிளக்கை எட்டாமல் எஞ்சின் உலோகத்துக்குக் கசிவதும், சூட்டில் அந்த ஈரம் உலர்ந்ததும் கசிவு நிற்பதும்தான் இதற்குக் காரணம். செக் எஞ்சின் விளக்கு எரியவே இல்லை. ஆனால் காரின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்துப் பார்த்தபோது, நான்காவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவது, என்பதைக் குறிக்கும் பி0304 குறியீடு நிலுவையில் பதிவாகியிருந்தது.

சில நாள்களில், உயர் கியரில் குறைந்த சுழற்சியில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்தினால் கார் திக்கித் திணறத் தொடங்கியது. அந்த நிலையில் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால், தீப்பொறி தாவக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்படும். பலவீனமான காயில் அங்கேதான் கைவிடும். பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தால் இந்தத் தேவை இன்னும் கூடும். பிளக் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்களின் காயில்கள் முன்கூட்டியே சாவதில் வியப்பில்லை.

மெக்கானிக் முதலில் மல்டிமீட்டரை எடுத்தார். ஆறு காயில்களும் ஏறக்குறைய ஒரே மின்தடையைக் காட்டின. “மீட்டரில் எல்லாம் நல்லதாகத்தான் தெரியும் சார், ஓடும்போதுதான் காட்டிக்கொடுக்கும்” என்றார் அவர். மிகச் சிறிய வோல்ட்டேஜில் அளக்கும் கருவிக்கு, பல்லாயிரம் வோல்ட்டில் மட்டுமே கசியும் விரிசல் எப்படித் தெரியும்? எனவே நான்காவது சிலிண்டரின் காயிலை ஐந்தாவதிலும், ஐந்தாவதன் காயிலை நான்காவதிலும் பொருத்தி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினோம். இரண்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருந்ததால் மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறை வந்தது பி0305. குறை காயிலோடு சேர்ந்தே இடம் மாறியது. பிளக்கும், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் சந்தேகத்திலிருந்து விடுபட்டன. பி0300 என்று பல சிலிண்டர்களில் சிதறலாக வந்திருந்தால், எரிபொருள் அழுத்தத்தையோ காற்றுக் கசிவையோ முதலில் பார்த்திருப்போம்.

கழற்றிய காயிலைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். போல்ட் துளையின் ஓரத்திலிருந்து தலைமயிர் பருமனில் ஒரு கோடு உறையின் பாதிவரை ஓடியிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது. பிளக்கைக் கவ்வும் ரப்பர் பூட் இறுகிப்போய், வளைத்தால் வெடிக்கும் நிலையில் இருந்தது.

ஒன்றை மட்டும் மாற்றுவதா, ஆறையும் மாற்றுவதா என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள். எஞ்சினின் மேல்மூடியைத் தூக்கினாலே காயில்கள் கைக்கு எட்டிவிடும் கார்களில், கெட்டதை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றை உபரியாக வைத்துக்கொள்வதே சிக்கனம் என்று நான் நினைக்கிறேன். என் காரில் அப்படி முடியாது. பின் சக்கரங்களையும் வெப்பத் தடுப்புத் தகடுகளையும் கழற்றிய பிறகே கை நுழையும். பொருளின் விலையைவிடக் கூலிதான் உறுத்தும். மற்ற ஐந்தையும் கழற்றிப் பார்த்ததில் இரண்டில் அதே போன்ற விரிசல்கள் தொடங்கியிருந்தன. பிளக்குகளின் தவணையும் நெருங்கியிருந்ததால், ஆறு காயில்களையும் ஆறு பிளக்குகளையும் ஒரே வேலையாக முடிக்கச் சொன்னேன். எந்த அறிகுறியும் விரிசலும் இல்லாத நிலையில், வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றச் சொல்வார்கள் என்றால் நான் இணங்கியிருக்க மாட்டேன்.

தள்ளிப்போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. செக் எஞ்சின் விளக்கு விடாமல் எரிந்தால் கவனமாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மிஸ்ஃபயர் கடுமையாக இருப்பதன் அடையாளம் அது; சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலைக்கு முன்னால் ஆறு காயில்களின் விலை பொருட்டே இல்லை.

வாங்கும்போது, பழைய பாக எண்ணுக்குப் பதிலாகத் திருத்தப்பட்ட புதிய எண் வந்திருக்கிறதா என்று விசாரித்தே வாங்கினேன். பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் பெட்டியில் போலிகளும் உலவுவதால், விலை மிகக் குறைவாக இருந்ததைத் தவிர்த்தேன். பிளக்குகளைக் குளிர்ந்த எஞ்சினில், கையேட்டில் உள்ளபடி 30 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினோம். காயில் போல்ட்டுகளுக்கு அதைவிட மிகக் குறைந்த முறுக்கே போதும். பலம் காட்டினால் புதிய உறையிலும் அதே இடத்தில் கீறல் தொடங்கிவிடும்.

வேலை முடிந்ததும் குறியீடுகளை அழித்து, காரை இரவு முழுவதும் வெளியே குளிரவிட்டு, காலையில் கிளப்பிச் சிலிண்டர்வாரியான மிஸ்ஃபயர் எண்ணிக்கையை ஸ்கேனரில் பார்த்தோம். ஆறிலும் சுழியமே நின்றது. பழையவற்றில் விரிசல் இல்லாத மூன்றில் சிலிண்டர் எண்ணை எழுதி, காரின் கருவிப் பையிலேயே வைத்திருக்கிறேன்.